பழைய டீசல் பிக்அப்பில் ஐடிலிங் நடுக்கமும் டீசல் கோளாறுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வி பதில்கள் எந்த வண்டிகளுக்குப் பொருந்தும்?

கம்ப்யூட்டர் கட்டுப்பாடு இல்லாத, மெக்கானிக்கல் பம்ப் கொண்ட நான்கு சிலிண்டர் டீசல் பிக்அப்களுக்குப் பொருந்தும். தமிழ்நாட்டில் இன்றும் செங்கலும் காய்கறி மூட்டையும் ஏற்றி ஓடிக்கொண்டிருக்கும் 2956 சிசி டாடா 207 டிஐ, 2523 சிசி டிஐ எஞ்சின் கொண்ட பழைய மஹிந்திரா பொலேரோ பிக்அப் ஆகியவற்றை மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பொலேரோ என்ற அதே பெயரில் பிற்பாடு கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன் ரெயில் எஞ்சின்களும் வந்துவிட்டதால், வண்டியின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் பானட்டைத் திறந்து பார்ப்பது நல்லது. பம்ப்பிலிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் கருவி) தனித்தனி இரும்புக் குழாய் போனால் அது பழைய வகை. குழாய்கள் எல்லாம் ஒரு பொதுக் குழலிலிருந்து பிரிந்து, இன்ஜெக்டரின் தலையில் ஒயர் சாக்கெட்டும் இருந்தால் அது காமன் ரெயில். காமன் ரெயிலில் அழுத்தம் 1000 பாருக்கு மேலும் ஏறும். ஓடும் எஞ்சினில் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் சோதனையை அதில் ஒருபோதும் செய்யக் கூடாது.

ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் நின்ற இடத்தில் ஓடும்போது) மட்டும் வண்டி நடுங்குகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. அப்படியானால் பெரிய கோளாறு இல்லை என்று விட்டுவிடலாமா?

விடக் கூடாது. ஐடிலிங்கில்தான் கோளாறு முதலில் தலைகாட்டும். அதற்கான காரணத்தை ஒரு சிறு கணக்கு விளக்கிவிடும். நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிவதால், நான்கும் சேர்ந்து நிமிடத்துக்கு 1500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை எரிகின்றன. நின்ற இடத்தில் ஓடும்போது மணிக்கு 700 மில்லி லிட்டர் டீசல் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு முறைக்கு ஒரு இன்ஜெக்டர் பீய்ச்சுவது ஏறத்தாழ 8 கன மில்லிமீட்டர் மட்டுமே. சாதாரணமாக விழும் ஒரு சொட்டு சுமார் 50 கன மில்லிமீட்டர் என்பதால், ஒவ்வொரு பீய்ச்சலும் ஒரு சொட்டில் ஆறில் ஒரு பங்குதான். அவ்வளவு சிறிய அளவில் ஒரு நாசில் (இன்ஜெக்டரின் முனை) கொஞ்சம் ஒழுகினாலும், ஒரு காற்றுக் குமிழி குறுக்கே வந்தாலும், அந்தச் சிலிண்டர் மற்ற மூன்றைவிடக் கூடவோ குறையவோ வேலை செய்துவிடும். அதைத்தான் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலும் கியர் கம்பியிலும் நடுக்கமாக உணர்கிறார். வேகம் கூடும்போது பீய்ச்சும் அளவும் கூடுகிறது, ஃப்ளைவீலின் வேகமும் ஏற்றத்தாழ்வை விழுங்கிவிடுகிறது. ஆகவே ஆக்சிலேட்டர் கொடுத்ததும் நடுக்கம் நின்றால் கோளாறு மறைந்திருக்கிறது என்றுதான் பொருள்.

சோதனையை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

டேங்கிலிருந்து. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: இன்ஜெக்டர்களுக்கு அழுத்தத்தில் டீசல் அனுப்பும் எஃப்ஐ பம்ப்பைக் கழற்றுவது கடைசி வேலையாகத்தான் இருக்க வேண்டும். வண்டி ஆடுகிறது என்றதும் பம்ப்பை இறக்கி சர்வீஸ் கடைக்கு அனுப்புவது பல ஒர்க்ஷாப்களில் வழக்கமாகிவிட்டது. பல ஆயிரம் ரூபாய் செலவழித்து, டைமிங்கும் புதிதாக வைத்து, திரும்பப் பூட்டிய பிறகு அதே நடுக்கம் அப்படியே இருக்கும். ஏனெனில் கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் இடையிலான ஒரு ரப்பர் ஹோஸில் இருந்திருக்கும். வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு அந்தச் செலவும் வண்டி நிற்கும் நாட்களும் சிறிய இழப்பல்ல.

டீசல் பக்கம் போவதற்கு முன்பே எஞ்சின் மவுண்டுகளைப் பார்த்துவிட வேண்டும். ரப்பர் வெடித்து இரும்போடு இரும்பு முட்டும் மவுண்ட், சீராக ஓடும் எஞ்சினின் இயல்பான அதிர்வையும் கேபினுக்குள் கொண்டு வந்து விடும். புகைபோக்கியின் வாயில் காதை வைத்துக் கவனித்தால் வேறுபாடு தெரியும். வெளியேறும் சத்தம் ஒரே தாளத்தில் இருந்து உடல் மட்டும் நடுங்கினால் மவுண்டைச் சந்தேகிக்கலாம். சத்தத்திலேயே இடையிடையே ஒரு அடி விட்டுப்போனால் அது மிஸ்ஸிங்.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது எந்தக் கருவியும் வேண்டாதது. இரவு முழுவதும் நின்று குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நான்கு கிளைகளிலும் விரல் நனைத்து ஒவ்வொரு துளி நீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும். நன்றாக எரியும் சிலிண்டரின் கிளையில் துளி உடனே காய்ந்துவிடும். எரியாத சிலிண்டரின் கிளையில் வழிந்து இறங்கும். எஞ்சின் முழுதும் சூடேறிவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும், ஆகவே காலையிலேயே செய்தாக வேண்டும்.

இரண்டாவது, எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் குழாய் நட்டையும் ஒரு கந்தைத் துணியால் சுற்றி, சரியான அளவு ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்தி, சத்தத்தைக் கவனித்துவிட்டு மீண்டும் இறுக்குவது. நன்றாக வேலை செய்யும் சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறி வேகம் குறையும். தளர்த்தியும் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால் கோளாறான சிலிண்டர் அதுதான்.

இந்தச் சோதனையில் கண்ணாடி அணிவதும் கையுறை போடுவதும் கட்டாயம். நாசிலின் வாயிலிருந்தோ விரிசல் விட்ட குழாயிலிருந்தோ பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய தடம் போலத்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே திசு அழுகி விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நேர்ந்தால் சில மணி நேரம் பொறுத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட விரலை வைக்காமல் ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

சிலிண்டர் தெரிந்த பிறகு, அந்த இன்ஜெக்டரை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டிப் பார்க்கலாம். மிஸ்ஸிங் இன்ஜெக்டரோடு சேர்ந்து இடம் மாறினால் நாசில் கோளாறு. அதே சிலிண்டரில் தங்கிவிட்டால் டேப்பட் இடைவெளி (வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்), பம்ப்பில் அந்தச் சிலிண்டருக்கு டீசல் தள்ளும் எலிமெண்ட் ஆகிய மூன்றில் ஒன்று. இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். சூடான டீசல் எஞ்சினில் கம்ப்ரஷன் பொதுவாக 25 முதல் 30 பார் வரை இருக்கும். நான்குக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லாமலிருப்பது அந்த எண்ணைவிட முக்கியம். மாற்றிப் பூட்டும்போது நாசிலின் அடியில் உள்ள செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷர் உட்காராவிட்டால் அதன் ஓரமாகக் காற்று ‘சுஸ் சுஸ்’ என்று வெளியேறி, இன்ஜெக்டரைச் சுற்றிக் கரி படியும்.

டீசலில் காற்று கலக்கிறது என்கிறார்கள். வெளியே எங்கும் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லையே?

கசியாமல் இருப்பதுதான் இந்தக் கோளாறின் இயல்பு. டேங்கிலிருந்து, டீசலை இழுத்து எஃப்ஐ பம்ப்புக்கு அனுப்பும் சிறிய ஃபீட் பம்ப் வரையுள்ள பாதையில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. இளநீரில் போட்ட உறிஞ்சுகுழலின் நடுவில் ஓட்டை இருந்தால் இளநீர் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே வரும். இங்கும் அதுவே நடக்கிறது. ஃபீட் பம்ப்பைத் தாண்டிய பிறகுதான் அழுத்தம் இருப்பதால் அந்தப் பகுதியில் ஓட்டை விழுந்தால் வெளியே ஈரம் தெரியும். டீசல் ஈரம் எங்கும் இல்லாமல் வண்டி துடித்தால், உறிஞ்சும் பக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உறுதிப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. எஃப்ஐ பம்ப்புக்குள் டீசல் நுழையும் இடத்தில் உள்ள ஹோஸைக் கழற்றிவிட்டு, டீசலைத் தாங்கக்கூடிய கண்ணாடி போன்ற தெளிவான குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பூட்டி, கிளிப் போட்டு இறுக்கி, எஞ்சினை ஓடவிட்டு, பின்னால் ஒரு டார்ச் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் சில குமிழிகள் போவது இயல்பு, ஏனெனில் குழாயைக் கழற்றிய போது புகுந்த காற்று அது. ஐந்து நிமிடம் கழித்தும் கடுகளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தால் காற்று எங்கோ நுழைகிறது. ஒவ்வொரு குமிழிக் கூட்டம் கடந்ததும் எஞ்சின் ஒரு முறை துடிப்பதையும் அப்போதே காதால் கேட்கலாம்.

நுழையும் இடங்கள் பெரும்பாலும் ஒரு சில தான். ரப்பர் ஹோஸ் மேலிருந்து பார்க்க நன்றாகவே இருக்கும். கிளிப்பைத் தளர்த்தி நகர்த்தி, கிளிப் உட்கார்ந்திருந்த பள்ளத்தில் கட்டைவிரலால் மடக்கிப் பார்த்தால்தான் உள்ளே வரை ஓடிய விரிசல் வாய் திறக்கும். இரும்புக் குழாய் சேஸியில் உராயும் இடத்தில், மண்ணுக்கு அடியில் துரு தின்று ஊசிமுனைத் துளை விழுந்திருக்கும். ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையத்தையே மீண்டும் போட்டிருப்பார்கள். குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர் பலமுறை இறுக்கப்பட்டுத் தட்டையாகியிருக்கும். கையால் அடிக்கும் பிரைமர் பம்ப்பின் பிஸ்டன் தேய்ந்திருந்தால் அதன் தண்டு வழியாகவும் காற்று போகும். இவை எல்லாவற்றையும் மாற்ற ஆகும் செலவு, பம்ப்பை ஒரு முறை டெஸ்ட் பெஞ்சில் (பம்ப்பைத் தனியே ஓட்டி அளக்கும் இயந்திரம்) ஏற்றும் செலவைவிட மிகக் குறைவு.

கோளாறு டேங்க் பக்கமா பம்ப் பக்கமா என்று ஒரே சோதனையில் பிரிக்க முடியுமா?

முடியும். சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் நல்ல டீசலை நிரப்பி, பானட்டின் உயரத்தில் அசையாமல் கட்டிவைத்து, ஃபீட் பம்ப்பின் உள்வழியையும் ரிட்டர்ன் குழாயையும் அந்தக் கேனுக்கே மாற்றிவிட்டு எஞ்சினை ஓட்டுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகில் கேன் இருக்கக் கூடாது. வண்டியை நின்ற இடத்தில் மட்டுமே ஓட்ட வேண்டும். கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கினால் கோளாறு டேங்க், குழாய், அல்லது டேங்கில் கிடக்கும் டீசல் ஆகியவற்றில்தான். கேனிலிருந்து ஓட்டியும் அப்படியே நடுங்கினால் ஃபீட் பம்ப்பிலிருந்து எஞ்சின் வரையுள்ள பக்கத்தில் தேடலாம். எனக்குத் தெரிந்த சோதனைகளில் செலவு குறைந்ததும் வீண் அலைச்சலைத் தவிர்ப்பதும் இதுவே.

டீசல் தீர்ந்து நின்றுவிட்டால் ஏர் லாக்கை (குழாயில் அடைத்துக்கொண்ட காற்றை) எப்படி எடுப்பது?

டேங்கில் குறைந்தது பத்து லிட்டராவது ஊற்றிய பிறகு, ஃபில்டரின் மேல் உள்ள ஏர் திருகைத் தளர்த்தி, நுரை நின்று தெளிவான டீசல் வரும்வரை பிரைமரை அடித்து, டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும். அடுத்து எஃப்ஐ பம்ப்பின் திருகிலும் அதையே செய்ய வேண்டும். பிறகு இரண்டு இன்ஜெக்டர்களின் குழாய் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடித்தால், நட்டின் ஓரத்தில் டீசல் துடித்து வெளியேறும். அப்போது இறுக்கினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். செல்ஃபை ஒரே மூச்சில் 15 நொடிக்கு மேல் அடிக்காமல் இடையில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். ஏர் எடுத்த வண்டி மறுநாளும் அதே போல ஏர் பிடித்தால் திரும்பத் திரும்ப ஏர் எடுப்பதில் பயனில்லை. முன் சொன்ன நுழைவாயிலைத் தேடுங்கள்.

டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகை, வண்டி இரவு முழுவதும் அசையாமல் நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் திறந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் தனியே தங்கும். குவளையின் அடியில் தெளிவான குமிழ் போல நிற்பது தண்ணீர். பழுப்பாகக் கலங்கியிருந்தால் டேங்கின் துரு. கருப்பாக வழவழப்பாகக் கோழை போன்ற ஒன்று வந்தால், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிரிகள் அவை. அந்த டேங்கை இறக்கிக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பலனில்லை.

பம்ப்புக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளையான பேரலுக்கும் இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காகப் பிரித்தால் அதில் இரண்டு, மூன்று பங்குதான். அந்த இடைவெளிக்கு டீசலே மசகு. அங்கே தண்ணீர் புகுந்தால் மசகும் போய், நிறுத்திவைத்த சில நாட்களிலேயே துருவும் பிடிக்கும். மழைக்காலத்தில் டேங்கை அடிமட்டத்தில் வைத்து ஓட்டும் பழக்கத்தை விட்டுவிட்டு, மாலையில் நிரப்பி நிறுத்துவது நல்லது. காலியிடத்தில் உள்ள ஈரக்காற்று இரவில் குளிர்ந்து உட்சுவரில் நீராக இறங்குவது அதனால் குறையும். வயலுக்குக் கேனில் வாங்கி வைத்த டீசலை வண்டியில் ஊற்றுவோர், மேலே உள்ளதை மட்டும் ஊற்றி அடியில் ஒரு அங்குலத்தை விட்டுவிட வேண்டும்.

பெட்ரோல் பங்கில் போட்ட டீசலில்தான் கலப்படம் என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

டீசல் போட்ட அன்றே தொடங்கிய கோளாறா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். டேங்க் ஏறத்தாழக் காலியாகி, அடியில் கிடந்த கசடு கிளம்பியதற்குப் பங்கின் மேல் பழி போடுவது எளிது. சந்தேகம் நீங்காவிட்டால் அடர்த்திச் சோதனையை அங்கேயே கேட்கலாம். ஹைட்ரோமீட்டர், வெப்பமானி, ஜாடி ஆகியவை பங்கில் இருக்க வேண்டும். வெப்பநிலையைக் கணக்கிட்டு 15 டிகிரி செல்சியஸுக்கு மாற்றிய அடர்த்தி, டேங்கர் லாரியோடு வந்த ரசீதில் உள்ள அளவிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வேறுபடக் கூடாது. அளவில் சந்தேகம் இருந்தால், எடையளவுத் துறை முத்திரையிட்ட ஐந்து லிட்டர் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லவும் உரிமை உண்டு. வடிகட்டித் தாளில் சொட்டு விட்டுப் பார்ப்பது பெட்ரோலுக்கான சோதனை. டீசலில் அது எதையும் காட்டாது.

காலையில் பிடிக்க நேரமாகிறது. சில வண்டிகளில் சூடான பிறகுதான் பிடிப்பதில்லை. இரண்டும் ஒன்றா?

இரண்டும் வேறு. காலையில் மட்டும் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்து, பிடித்த பிறகு ஒரு நிமிடம் துடித்துச் சீராகிவிட்டால், இரவில் டீசல் பின்வாங்கி டேங்குக்குப் போயிருக்கிறது. இன்ஜெக்டர்களை இணைக்கும் சிறிய ரிட்டர்ன் குழாய், ஃபீட் பம்ப்பின் வால்வு ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிரைமரை அடித்ததும் உடனே பிடித்தால் இந்த முடிவு உறுதி. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சின்களை ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில் வைத்திருப்போர், ஒரு பிளக் இறந்திருந்தாலும் முதல் இரண்டு நிமிடம் வெள்ளைப் புகையோடு மிஸ்ஸிங் அடிக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஓட்டி நிறுத்திய சூட்டில் பிடிக்காமல், ஆறிய பிறகு பிடித்தால் அது பெரும்பாலும் பம்ப்பின் தேய்மானம். சூட்டில் டீசல் நீர்த்துப்போவதால், தேய்ந்த பிளஞ்சரின் ஓரமாகத் திரும்பி ஒழுகிவிடுகிறது. செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில் நாசிலைத் திறக்கும் அழுத்தம் உண்டாவதில்லை. ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் போட்டுப் பத்து நிமிடம் குளிரவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்போது உடனே பிடித்தால் பம்ப்பைக் கழற்ற நியாயமான காரணம் கிடைத்துவிட்டது.

புகையின் நிறத்தை வைத்து என்ன சொல்ல முடியும்?

ஓரளவு சொல்லலாம். கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை எரியாத டீசல். டைமிங் பின்தங்கியிருப்பது, கம்ப்ரஷன் குறைவு, நாசில் ஒழுகல் ஆகியவை காரணம். இனிப்பு வாடையோடு, சூடான பிறகும் நிற்காத வெள்ளை என்றால் கூலண்ட் உள்ளே போகிறது, டீசல் பக்கம் தேட வேண்டாம். கரும்புகைக்கு டீசல் கூடியதைப் போலவே காற்று குறைந்ததும் காரணமாக இருப்பதால், முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நீலப் புகை எஞ்சின் ஆயில். எஃப்சிக்கு (தகுதிச் சான்று) போகும் முன் புகைச் சோதனைக்கு நிற்கும் பிஎஸ்-4க்கு முந்தைய வண்டிகளுக்கு 65 எச்எஸ்யு (புகையின் அடர்த்தியைக் குறிக்கும் அலகு) வரம்பு. அதைத் தாண்டும் வண்டிகளில் நாசில் வேலையும் ஏர் ஃபில்டரும் முடித்தாலே வரம்புக்குள் வர நல்ல வாய்ப்பு உண்டு.

ஐடிலிங் தானாக ஏறி ஏறி இறங்குகிறது. இது மிஸ்ஸிங்தானா?

இல்லை. ஒரு சீரான அலைபோல வேகம் கூடிக் குறைவது, பம்ப்பில் எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் வேலை. அதற்கும் காற்றுக் கலப்பே முதல் சந்தேகம். அது இல்லையென்றால் ஆக்சிலேட்டர் கம்பியின் பிடிப்பு, பம்ப்பின் உள்ளே டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் சிக்குவது, கவர்னர் ஸ்பிரிங் ஆகியவை. மிகப் பழைய சில எஞ்சின்களில் இன்டேக்கிலிருந்து ஒரு வாக்குவம் குழாய் பம்ப்பின் பின்னாலுள்ள டயாஃப்ரமுக்குப் போகும். அந்தத் தோல் டயாஃப்ரம் காய்ந்து வெடித்தாலும் குழாயில் ஓட்டை விழுந்தாலும் இதே ஏற்ற இறக்கம் வரும். அந்தக் குழாயை எஞ்சின் ஓடும்போது கழற்றக் கூடாது; கட்டுப்பாடு போய் எஞ்சின் வெறிகொண்டு ஓடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம்.

காலி வண்டி நன்றாக ஓடுகிறது. லோடு ஏற்றி மேட்டில் ஏறினால் இழுவை இறங்கிவிடுகிறது. ஏன்?

கேட்கும் அளவு டீசல் வந்து சேரவில்லை. இழுவை இறங்கிய இடத்திலேயே வண்டியை நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, மூடி தளர்ந்த நிலையில் வண்டி மீண்டும் இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அது இல்லையென்றால் டேங்கின் உள்ளே உறிஞ்சும் முனையிலுள்ள சல்லடை, ஃபீட் பம்ப்பின் உள்வழிச் சல்லடை, ஃபில்டர் ஆகிய மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். சிலிண்டருக்கு ஒரு எலிமெண்ட் என்று வரிசையாக அமைந்த இன்லைன் பம்ப்பில் ரிட்டர்ன் குழாய் கிளம்பும் இடத்தில் ஓவர்ஃப்ளோ வால்வு ஒன்று உண்டு. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் பம்ப்புக்குள் நிற்க வேண்டிய அழுத்தம் நிற்காமல் டீசல் டேங்குக்கே ஓடிவிடும். இதைக் கவனிக்காமல் சாதாரண போல்ட்டைப் போட்டு மூடிய வண்டிகளையும் பார்க்க முடிகிறது, அது தவறு.

எஞ்சின் ஆயில் அளவு தானாக ஏறுகிறது. நல்லதுதானே?

உடனே வண்டியை நிறுத்த வேண்டிய அறிகுறி இது. ஃபீட் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தோ, சீல் போயோ டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. குச்சியை எடுத்து முகர்ந்தாலே டீசல் வாடை தெரியும். நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காக்காது. காரணத்தைச் சரிசெய்து, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றும்வரை ஓட்டக் கூடாது.

இப்போது வரும் பிஎஸ்-6 டீசல் பழைய பம்ப்புக்குக் கெடுதலா?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்காது. பிஎஸ்-3 காலத்தில் அது 350 ஆக இருந்தது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான மசகுத் தன்மையும் குறைகிறது என்பது உண்மை. அதனால்தான் சுத்திகரிப்பு நிலையங்களில் மசகுச் சேர்மானம் கலந்து, நிர்ணயித்த மசகு அளவைக் காத்து அனுப்புகிறார்கள். ஆகவே டீசல் பம்ப்பைத் தின்கிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. ரப்பர் வளையங்கள் வேறு கதை. அமெரிக்காவில் 1993 அக்டோபரில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது, பழைய பம்ப்புகளின் ரப்பர் வளையங்கள் சுருங்கிக் கசிந்தன. பல ஆண்டுகள் பழைய டீசலில் ஊறி இறுகிய ரப்பருக்கு இங்கும் அதே நேரலாம். தீர்வு சீல் செட்டை மாற்றுவதுதான்.

டீசலோடு மண்ணெண்ணெயோ பழைய ஆயிலோ கலக்கலாமா?

கூடாது. மண்ணெண்ணெய்க்கு மசகுத் தன்மை குறைவு. பிளஞ்சரும் நாசில் ஊசியும் தேயும். ரேஷன் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் குற்றம், நீலச் சாயம் இட்டிருப்பதே அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான். வடித்த எஞ்சின் ஆயிலில் இரும்புத் துகளும் கரியும் இருக்கும்.

ஐடிலிங் திருகை நாமே சற்றுக் கூட்டிவைத்தால் நடுக்கம் நிற்கிறதே?

நிற்பது போலத் தெரியும். கோளாறுள்ள சிலிண்டர் அப்படியேதான் இருக்கும். டீசல் செலவு கூடும், கியர் போடும்போது உறுமும். காரணத்தைச் சரிசெய்த பிறகு, எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில், கையேட்டில் சொன்ன சுற்றுக்கு மட்டும் திருகைச் சரிசெய்யுங்கள். பம்ப்பில் ஈய முத்திரையோ மூடியோ இட்ட மற்றத் திருகுகளை டெஸ்ட் பெஞ்ச் இல்லாமல் தொடவே வேண்டாம்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, பம்ப்பும் நாசிலும் வேலைக்குத்தான் போக வேண்டும். கடையில் என்ன கேட்க வேண்டும்?

முதலில் நாசிலை மட்டும் கொடுங்கள். 1951-இல் தொடங்கிய பெங்களூரு மைக்கோ நிறுவனம் 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டாலும், பல கடைகளில் இன்னும் ‘மைக்கோ நாசில்’ என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெயரில் போலிகளும் உலவுவதால் பெட்டியையும் நாசிலின் மேல் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டு வாங்க வேண்டும். சோதனைக் கருவியில் பூட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். நான்கும் ஒரே அழுத்தத்தில் திறக்க வேண்டும். திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் குறைவாக நிறுத்திவைத்தால் பத்து நொடி வரை முனையில் சொட்டு திரளக் கூடாது. பீய்ச்சும்போது பனி போல ஒரே சீராக விரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நூலாக ஓடினால் அந்த நாசில் ஆகாது.

பம்ப்பையும் கொடுத்தால், ஐடிலிங் வேகத்தில் நான்கு குழாய்க்கும் எவ்வளவு டீசல் வந்தது என்ற அளவைத் தாளில் எழுதிக் கேளுங்கள். முழு வேக அளவை மட்டும் காட்டினால் போதாது. ஐடிலிங் நடுக்கத்துக்காகக் கொடுத்த பம்ப்புக்கு ஐடிலிங் அளவுதான் சான்று. பழைய எலிமெண்டுகளையும் டெலிவரி வால்வுகளையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பூட்டும்போது ஹை பிரஷர் குழாய்களை இடம் மாற்றவோ, நீளம் வேறுபட்ட குழாயைப் போடவோ அனுமதிக்க வேண்டாம்; குழாயின் நீளம் மாறினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் சேரும் நேரமும் மாறிவிடும். அன்றே டீசல் ஃபில்டரையும் புதிதாகப் போட்டு, டேங்கை வடித்துக் கழுவிய பிறகே புதுப் பம்ப்பில் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.